எல்லையோரத்து ஊர்கள் – 9: குரோவுக்கு எல்லையிட்ட நீர்

சென்ற வாரம் பிரெனே மலைநாட்டில், ஸ்பெயினைத் தொட்டுக்கொண்டிருக்கும் பூர்க்-மதாம் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரில் நின்றோம். 1659ஆம் ஆண்டு உடன்படிக்கையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வாரம் நம்முடைய பேராக்கின் வடகோடியிலுள்ள குரோவுக்கு, அதாவது இன்று பெங்காலான் உலு என்று வழங்கும் ஊருக்கு வந்து, அதன் ஈயத்தைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். ஊருக்கு வந்துவிட்டோம். ஆயினும், ஈயத்தை அடையுமுன் அவ்வூரின் எல்லைக்கோடு என் மனத்தை இந்த வாரம் முழுவதும் பிடித்து வைத்துக்கொண்டுவிட்டது.

ஈப்போவிலிருந்து வடக்கே புறப்பட்டு, கோலகங்சாரையும் லெங்கோங்கையும் கிரிக்கையும் கடந்து, பால்மரக் காடுகளும் மலைச்சரிவுகளும் மாறி மாறி வரும் சாலையில் ஏறிச் சென்றால், கிளியான் இந்தானுக்கு அப்பால், மலைகள் சூழ்ந்த மேட்டு நிலத்தில் இவ்வூர் அமைந்திருக்கிறது. மேற்கே கெடாவைச் சேர்ந்த பாலிங். வடகிழக்கே, புக்கிட் பெராப்பிட் சாவடியைத் தாண்டினால், தாய்லாந்து தேசத்தின் தென்கோடி நகரமாகிய பெத்தோங். தேசப் படத்தை விரித்துப் பார்ப்பவர்களுக்கு அங்கே ஓர் ஐயம் எழாமற்போகாது. தாய்லாந்தின் நிலம் கெடாவுக்கும் பேராக்குக்கும் நடுவே இவ்வளவு தூரம் தெற்கே முனை நீட்டி வருவானேன்?

விடை 1909, மார்ச் 10ஆம் தேதி பாங்காக் நகரில் பிரிட்டனும் சயாமும் கையொப்பமிட்ட உடன்படிக்கையில் இருக்கிறது. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு ராஜ்யங்களின்மீது சயாமுக்கிருந்த உரிமை பிரிட்டனுக்கு மாறியதும், சயாமின் தென்பகுதி ரயில்பாதைக்கு நாற்பது லட்சம் பவுன் கடன் கிடைத்ததும் பள்ளிப் புத்தகங்கள் கூறும் செய்திகள். என்னைப் பரவசப்படுத்தியது எல்லையை வரையறுக்கும் பகுதி. சயாம் வளைகுடாவை நோக்கி ஓடும் நதிகள் ஒருபுறம், இந்து மகாசமுத்திரத்தை நோக்கி ஓடும் நதிகள் மறுபுறம் என்று பிரித்து, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீர்பிரி மேட்டையே எல்லையாகக் கொண்டு, பட்டானி நதியும் பேராக் நதியும் உற்பத்தியாகும் இடங்களின் வழியாக அந்தக் கோட்டை அவர்கள் நடத்திச் சென்றிருக்கிறார்கள். வீட்டுக் கூரையின் முகட்டில் விழும் மழை முன்வாசலுக்கும் கொல்லைக்குமாகப் பிரிந்து ஓடுவதுபோல, இம்மலைகளின் ஒருபுறத்து நீர் பட்டானி நகரத்தருகே வளைகுடாவிற் கலக்கிறது. மறுபுறத்து நீரோ மூடா, பேராக் நதிகளின் வழியே மலாக்கா நீரிணையை அடைகிறது. பட்டானி நதியின் தலையூற்றுகள் பெத்தோங்கைச் சுற்றித் தெற்கே வெகுதூரம் வந்திருப்பதால், எல்லையும் அவற்றைச் சுற்றிக்கொண்டு தெற்கே வந்திருக்கிறது.

இதன் அருமை பூர்க்-மதாமை நினைத்தால்தான் புலனாகும். பிரெனே மலையே இரு தேசங்களுக்கும் எல்லை என்று 1659இல் முழங்கியவர்கள், செர்தாஞ் பள்ளத்தாக்குக்கு வந்தவுடன் அந்த நியதியைக் கைவிட்டு, மலைக்குத் தெற்கே, ஸ்பெயினுக்குள் ஓடும் செக்ரே நதியின் படுகையிலேயே 33 கிராமங்களைப் பிரான்ஸுக்கு அளித்தார்கள். யீவியா என்னும் நகரம் மட்டும் ஸ்பெயினுக்குரியதாக, நான்கு புறமும் பிரான்ஸ் சூழ இன்றுவரை தனித்து நிற்கிறது. அங்கே அரசர்கள் தாம் வகுத்த நியதியைத் தாமே மீறினார்கள். குரோவிலோ நீர் காட்டிய வழியை ராஜதந்திரிகள் அப்படியே பின்பற்றினார்கள்.

அதற்கு முன்பு இப்பிரதேசம் யாருடையது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டானி ராஜ்யத்தைச் சயாம் ஏழாகப் பிரித்தபோது உண்டான சிற்றரசுகளுள் ரேமானும் ஒன்று. கிரிக், கிளியான் இந்தான், குரோ ஆகியவை அதன் ஆதிக்கத்தில் இருந்தன. பேராக் சுல்தான்கள் நெடுங்காலம் உரிமை கோரி வந்தும் நிறைவேறாதிருந்த காரியம், சுல்தான் இட்ரிஸ் காலத்தில், இந்த உடன்படிக்கையினால் 1909ஆம் ஆண்டிலேயே கைகூடிற்று. நிலம் பேராக்குக்கு மீண்டது. மக்களின் பேச்சோ பழையபடியே இருந்தது. இன்றும் உலு பேராக்கின் மலாய்க்காரர்கள் பலருடைய வழக்கு பட்டானிப் பக்கத்து மலாயோடு ஒத்திருக்கிறது. நதியின் ஊற்றை நுட்பமாக ஆராய்ந்தவர்கள், அந்த நதிக்கரைகளில் பெண் கொடுத்துப் பெண் எடுத்துவந்த குடும்பங்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது இந்த உடன்படிக்கையின் பெருங்குறை என்றே நான் கருதுகிறேன்.

நீர் வகுத்த நிலமாகையால் யுத்தமும் நீரின் வழியே வந்தது. பட்டானித் துறையில் இறங்கும் பகைவன், பட்டானி நதிப் பள்ளத்தாக்கின் சாலையைப் பற்றிக்கொண்டு மேலேறினால், நீர்பிரி மேட்டைக் கடந்து நேரே குரோவுக்கு வந்துவிடலாம். அங்கிருந்து மேற்கே பாலிங், தெற்கே கிரிக் என்று இரு வாயில்களும் திறந்துகொள்ளும். எல்லைக்கு அப்பால் 30 மைலுக்கும் மேற்பட்ட தூரத்தில், நதிக்கு மேலே செங்குத்தான மலைச்சரிவைக் குடைந்து சாலை போட்டிருந்த ஓரிடம் இருந்தது. அந்த விளிம்பைத் தகர்த்தால் ஒரு சேனையையே தடுக்கலாம் என்று கண்ட பிரிட்டிஷார், 1941, டிசம்பர் 8ஆம் தேதி, பஞ்சாப் ரெஜிமெண்டைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்களைக் குரோவிலிருந்து அனுப்பினர். எல்லையிலேயே தாய்லாந்துப் போலீஸார் எதிர்த்து நிறுத்தியதால் ஒரு பகல் கழிந்தது. பெத்தோங் மறுநாள்தான் கைவசமாயிற்று. டிசம்பர் 10ஆம் தேதி அந்த விளிம்பை அணுகியபோது, ஜப்பானியர் டாங்கிகளுடன் முந்திக்கொண்டு வந்திருந்தனர். இரு கடல்களின் நீரைப் பிரிக்கும் அந்த மேட்டிற்காக, ஐந்து நதிகளின் நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் உயிரை ஈந்தார்கள். நாம் சயாம் மரண ரயில்பாதையைப் பற்றிப் பேசுகிறோம், அது முறையே; குரோ சாலையில் மடிந்தவர்களையும் நாம் நினைவுகூர வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

இதே மேடுதான் அவசரகாலத்திலும் மறைவிடமாயிற்று. 1948, ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதையடுத்துத் தொடங்கிய அந்தக் கம்யூனிஸ்டுப் போராட்டத்தின் தலைவர் சின் பெங், சித்தியவானிற் பிறந்த நம் பேராக்காரர். பின்னாளில் பெத்தோங் பக்கத்துக் காடுகளுக்குள் ஒதுங்கியிருந்தார். 1955, டிசம்பர் 28ஆம் தேதி துங்கு அப்துல் ரஹ்மானைச் சந்திப்பதற்காக அவர் காட்டை விட்டு வெளிப்பட்ட ஸ்தலம், கிளியான் இந்தானை அடுத்த குனோங் பாக்கு. ஜப்பானியர் காலத்தில் அவரோடு தோளோடு தோள் நின்ற ஜான் டேவிஸ் அவரை எதிர்கொண்டு பாலிங்குக்கு அழைத்துச் சென்றார். இரண்டு நாள் பேசியும் உடன்பாடு ஏற்படாமல், அவர் வந்த வழியே காட்டுக்குத் திரும்பினார். யுத்தம் முறைப்படி ஓய்ந்தது 1989, டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாய் நகரிலே ஒப்பந்தம் கையெழுத்தானபோதுதான்.

அந்தக் குனோங் பாக்கு வெறும் மலையன்று, ஈய மலை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்கள் 1985ஆம் ஆண்டு உலகச் சந்தை சரிந்தபின் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஈப்போவைச் சுற்றிக் குட்டைகளே எஞ்சியிருக்க, கிளியான் இந்தானில் பழைய ரேமான் சிற்றரசின் பெயரைத் தாங்கிய ரஹ்மான் ஹைட்ராலிக் சுரங்கம் இன்றும் மலையை வெட்டி ஈயம் எடுத்துக்கொண்டிருக்கிறது. மலேசியாவிலேயே பெரிய ஈயச் சுரங்கம் அதுதான். இன்றைய குரோவின் வாழ்க்கை அந்த ஈயத்தோடும், பால்மரத்தோடும், பெத்தோங்குக்குப் போய்வரும் பிரயாணிகளோடும் பிணைந்தது. சாவடியைத் தாண்டியவுடன் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் திருப்பிக்கொள்ளும் அவர்களுடைய வியாபாரத்தைத் தனியே எழுத வேண்டும்.

அச்சுக்கூடத்தார் காத்திருக்கிறார்கள், ஆகவே ஈயம் அடுத்த வாரத்திற்கு. ஆயினும் அதற்கான வினாவை இன்றே வைத்துவிடுகிறேன். ரேமானின் பழைய ஆட்சியெல்லை நிலைத்திருந்தால் கிளியான் இந்தானின் ஈயம் சயாமுக்குப் போயிருக்கும். நீர்பிரி மேடு எல்லையானதால் அது பேராக்குக்கு வந்தது. அப்படியானால், பாங்காக்கில் அமர்ந்திருந்த பிரிட்டிஷ் ராஜதந்திரிகள் மலையின் நீரைத்தான் பார்த்தார்களா, அதன் வயிற்றிலிருந்த ஈயத்தையும் பார்த்தார்களா? ஈயத்தையும் பார்த்தார்கள் என்பதே என் துணிபு. காரணங்களை அடுத்த இதழில் வாசகர்முன் வைக்கிறேன்.