டயாலிசிஸ் நோயாளிகளும் வாட்ஸ்அப் குழுக்களும்

வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரத்தில் 12 மணி நேரமே எங்கள் பார்வையில் இருக்கிறார். எஞ்சிய 156 மணி நேரமும் வீட்டில்தான். எவ்வளவு நீர் அருந்தலாம், திருமண விருந்தில் எதைத் தவிர்ப்பது, வெளியூர் சென்றால் டயாலிசிஸுக்கு என்ன செய்வது என்னும் கேள்விகள் எல்லாம் அப்போதுதான் எழுகின்றன. விடை தேடி நோயாளிகளும் குடும்பத்தினரும் வாட்ஸ்அப் குழுக்களில் சேர்கின்றனர். தொடக்கத்தில் எங்களுக்கு இதில் தயக்கம் இருந்தது. இப்போது நாங்களே சிலரைச் சேரச் சொல்கிறோம்.

அன்றைக்குரிய தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைப்பது, தாகம் எடுத்தால் சிறு ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வது, காய்கறிகளை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிடுவது ஆகியவற்றை நாங்களும் சொல்கிறோம். ஆயினும், ஐந்தாண்டுகளாக டயாலிசிஸில் இருக்கும் ஒருவர் அதையே தம் குரலில் பதிவுசெய்து அனுப்பும்போது புதியவர் மனத்தில் பதியும் விதமே வேறு. நோயாளியைப் பேணும் மனைவியரும் மகள்களும் தங்கள் களைப்பை எங்களிடம் சொல்வதில்லை, குழுவில் சொல்கிறார்கள்.

குழுவில் உலவும் பொய்ச் செய்திகளைவிட, பிறருக்குப் பொருந்தும் உண்மைச் செய்திகளே எங்களை அதிகம் கவலைப்படுத்துகின்றன. ‘தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்’ என்பது சிறுநீரகக் கல் உள்ள பலருக்கு ஏற்ற அறிவுரை. சிறுநீர் பிரியாத டயாலிசிஸ் நோயாளிக்கோ அந்நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும். இளநீரும் அப்படியே. அதில் பொட்டாசியம் மிகுதி. செயலிழந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் மிகவும் கூடினால், முன்னறிகுறி ஏதுமின்றியே இதயம் நின்றுவிடக்கூடும். இரத்த அழுத்தத்திற்கு நல்லது என்று பகிரப்படும் சோடியம் குறைந்த உப்புகள் பலவற்றில் சோடியத்திற்கு ஈடாகச் சேர்க்கப்படுவதும் பொட்டாசியம் குளோரைடுதான்.

ஆகவே, செய்தி உண்மையா என்பதோடு அது எந்த நோயாளிக்காகச் சொல்லப்பட்டது என்றும் கேளுங்கள். இரட்டை அம்புக்குறியுடன் வரும் செய்தி பலமுறை கைமாறி வந்தது. அதை முதலில் எழுதியவருக்கு உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவு தெரியாது. ஐயம் இருந்தால் அடுத்த டயாலிசிஸின்போது கைபேசியை எங்களிடம் காட்டுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

குழுவில் உங்கள் கைபேசி எண்ணைப் பிறரும் காண இயலும். பணம் கொடுத்தால் சிறுநீரகம் ஏற்பாடு செய்வதாக யாரேனும் தனியே தொடர்புகொண்டால் பதிலளிக்காதீர்கள். உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து சிறுநீரகம் பெறுவதற்கான பதிவை மருத்துவமனை வழியாகவே செய்ய வேண்டும்.

குழு உறுப்பினர் ஒருவர் இறந்த செய்தி வந்த மறுநாள் டயாலிசிஸ் அறையில் பேச்சே இராது. ‘அடுத்து நானா?’ என்ற அச்சம் பலருக்கும் எழுகிறது. அதைச் செவிலியரிடமோ எங்களிடமோ தயங்காமல் சொல்லலாம். இறந்தவரின் நோய்நிலையும் உங்களுடையதும் பெரும்பாலும் ஒன்றாக இரா.

குழுவிடம் கேட்கவே கூடாதவையும் உண்டு. ஃபிஸ்டுலா உள்ள கையில் எப்போதும் உணரும் அதிர்வு நின்றுவிட்டதாக ஒருவர் இரவு பத்து மணிக்குக் குழுவில் எழுதினார். மூவர் அன்போடு பதிலளித்தனர். மூவருமே காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றனர். அவர் எங்களிடம் வந்தபோது இரத்தம் உறைந்து, அந்த ஃபிஸ்டுலாவை மீட்க இயலாத நிலை. புதியது தயாராகும்வரை, பல வாரங்கள் கழுத்தில் பொருத்திய குழாய் வழியாகவே அவருக்கு டயாலிசிஸ் நடந்தது. அதிர்வு நின்றாலும், மூச்சுத் திணறினாலும், கைகால்கள் திடீரெனத் தளர்ந்தாலும், ஃபிஸ்டுலாவில் இரத்தக் கசிவு நிற்காவிட்டாலும், நள்ளிரவே ஆனாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். குழுவுக்கு மறுநாள் தெரிவித்துக்கொள்ளலாம்.