திருத்தத் திருத்த வாழும் நூல்
கரையோர ஏடுகள் – 7

மதுரங்குளியிலிருந்து புத்தளம் போகும் பஸ் பாலாவிச் சந்தியை எட்டும்போது, இடப்பக்கம் ஒரு வீதி பிரிந்து கற்பிட்டிக்குப் போகிறது. சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்த ஊர் அது. புத்தளத்தில் மணியகாரராக இருந்தவர், பின்னாளில் சிலாபத்தில் நீதிபதியானவர், தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தேடித் தொகுத்து 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சேற்றினார். மாவீரர் வரலாறுகளை எழுதிய கிரேக்க ஆசிரியரை நினைவில் வைத்து, அதற்குத் ‘தமிழ் புளூட்டாக்’ என்று பெயர் வைத்தார்.

பழைய நூலொன்று இன்றைய வாசகருக்கும் செவ்வியல் நூலாவது எதனால் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். பிழையற்று இருப்பதால் என்றால், இந்த நூலை இன்றே மூடிவைத்துவிடலாம். அதன் காலக்கணிப்புகள் பல இன்று நிற்கமாட்டா. செவிவழிக் கதைகளும் வரலாறும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கின்றன. அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. கலித்தொகையைத் தாமோதரம்பிள்ளையும் சீவகசிந்தாமணியை உ. வே. சாமிநாதையரும் அச்சில் கொண்டுவந்தது 1887இல்தான். காசிச்செட்டியோ 1860இலேயே காலமாகிவிட்டார். சங்க நூல்கள் ஏட்டில் முடங்கிக் கிடந்த நாளில், ஒளவையார் யார், கம்பர் எக்காலத்தவர் என்று ஒருவர் ஒழுங்காகக் கேட்கத் துணிந்ததே பெரிய காரியம்.

அவர் கேட்ட கேள்விகள் ஓயவில்லை. 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதியபோது இந்த நூலின் வழியில் இன்னும் பல புலவர்களைச் சேர்த்தார். 1946இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் குறிப்புகளோடு கொழும்பில் மறுபதிப்பு வந்தது. மூலம் ஒன்று சொல்கிறது, குறிப்பு அதை மறுக்கிறது. எனக்கு இந்த நூல் உயிரோடு தெரிவது அந்த இடத்தில்தான். பிழை கண்டபின் தூக்கியெறியப்படும் நூல்கள் எத்தனையோ. பிழை கண்டும் திருத்திப் படிக்கவே தோன்றினால், அது செவ்வியல் நூல்.

ஒன்றை மனவருத்தத்தோடு சொல்ல வேண்டும். காசிச்செட்டி இதை எழுதியது ஆங்கிலத்தில். அவருடைய கரையிலேயே வாழும் நம்மில் பலருக்கு அது எட்டாமற் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இருந்தாலும் அவரை நாம் படிக்கவே வேண்டும்.

குறிப்பாக, இருபத்தேழு வயதில், 1834இல் அவர் வெளியிட்ட ‘சிலோன் கசற்றியர்’. இலங்கையின் ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள், ஏரிகள் எல்லாவற்றையும் அகரவரிசையில் விவரித்த நூல் அது. அதற்கும் அடிக்குறிப்பு எழுத ஆள் வேண்டும். புத்தளம் களப்பைச் சுற்றி வந்த இறால் பண்ணைகள், நுரைச்சோலை அனல் மின்நிலையம், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்த மண்ணில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. இவற்றைக் கண்ணால் கண்டவர்கள் மதுரங்குளியிலும் கற்பிட்டியிலும் இன்னும் இருக்கும்போதே அதைத் தொடங்கிவிட வேண்டும்.