அழிந்த கோப்பை நாமே மீட்பது எப்படி?

அலுவலகச் சர்வரின் பொதுக் கோப்புறையிலிருந்து ஓர் எக்செல் கோப்பு தவறுதலாக அழிந்துவிட்டது. ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை. நெட்வொர்க் வழியாக அழித்தவை பொதுவாக அங்கே போவதில்லை. முன்பெல்லாம் ஐடி பிரிவினர் பேக்கப் டேப்பைத் தேடி எடுத்து மீட்டுத் தரும்வரை காத்திருக்க வேண்டும்.

விண்டோஸ் சர்வர் 2003-இல் வந்த 'ஷேடோ காப்பி' வசதி இந்தக் காத்திருப்பைப் பெருமளவு போக்கியது. கோப்புறையில் வலது கிளிக் செய்து 'முந்தைய பதிப்புகள்' பகுதிக்குப் போனால், தேதியும் நேரமுமாகப் பழைய நிலைகள் வரிசையாகத் தெரியும். வேண்டியதைத் திறந்து வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளலாம். 'மீட்டமை'யை அழுத்தினால் இன்றைய கோப்பின்மேலேயே பழையது எழுதப்பட்டுவிடும், நகலெடுப்பதே நல்லது.

இந்த நிலைகளைத் தினம் இருமுறை பதிவு செய்தால் டிஸ்க் நிரம்பிவிடாதா? முழு டிஸ்க்கும் நகலாவதில்லை. ஓர் இடம் மாற்றி எழுதப்படும்போது மட்டும், அங்கே முன்பிருந்த 16 கிலோபைட் தொகுதி தனியே பத்திரப்படுத்தப்படுகிறது. பழைய நிலையைக் கேட்டால், மாறாத தொகுதிகளோடு இவற்றையும் சேர்த்துக் காட்டுகிறது. 64 நிலைகள் வரை நிற்கும். பிறகு பழையவை கழியும்.

அடுத்தவர் சம்பளப் பட்டியலை இதன்வழி பார்த்துவிட முடியுமா? கோப்போடு அதன் அனுமதிகளும் பதிவாவதால், உரிமையில்லாதவருக்குப் பழைய பதிப்பும் திறக்காது. நிர்வாகிகள் மறக்கக்கூடாதது ஒன்று: நேற்று ஒருவரின் அனுமதியை நீக்கியிருந்தாலும், போன வாரப் பதிப்பில் அது அப்படியே இருக்கும்.

இந்த நகல்கள் அதே சர்வரில்தான் இருக்கின்றன. நிர்வாகி உரிமை கிடைத்த ரான்சம்வேர்கள் பல, இவற்றையும் அழித்துவிடுகின்றன. அதனால் வேறிடத்தில் தனி பேக்கப் கட்டாயம் வேண்டும்.