பூட்டில்லாத கணக்குப் பேரேடு

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் நம்மில் பலருக்கு கீழே மண்டி, மேலே குடியிருப்பு. பிராட்பேண்ட் இணைப்பும் ஒன்றுதான். கணக்குப்பிள்ளையின் டாலியும் அதில்தான், பேரன் சினிமா இறக்குவதும் அதில்தான். சரக்கு கொண்டுவரும் தோட்டக்காரரும் வைஃபை பாஸ்வேர்டு கேட்டு அதிலேயே சேர்ந்துகொள்கிறார்.

இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் டாலி போல்டரை 'ஷேர்' செய்து வைப்பது வழக்கம். அமைத்துத் தருபவர், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று 'எல்லோருக்கும்' முழு அனுமதி கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கல்லாப் பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போடுகிற நாம் இதைக் கவனிப்பதில்லை.

2017 மே 12-ல் உலகெங்கும் பரவிய வானாக்ரை வைரஸ், விண்டோஸின் பைல் ஷேரிங் வசதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் தாவியது. யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஒன்றில் நுழைந்தால், அதே இணைப்பில் ஓட்டை அடைக்கப்படாத மற்றவற்றுக்கும் தானே போகும். கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. மூன்று நாள் தாண்டினால் இரட்டிப்பு. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் பஞ்சாயத்து அலுவலகங்களும் தப்பவில்லை. இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது! அதே ஆண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்களையும் ஒரு வைரஸ் தாக்கியது. 'அட்மின்' என்ற ஆரம்ப பாஸ்வேர்டை மாற்றாதவைதான் அகப்பட்டன.

கணக்கு போனால் பாக்கி வசூல் மட்டுமா போகும்? ஜி.எஸ்.டி. சட்டப்படி, வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். வைரஸ் தின்றுவிட்டது என்றால் அதிகாரி ஒப்புக்கொள்வாரா?

ஷேர் செய்த போல்டரைப் பெயர் குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும், பாஸ்வேர்டுடன் திறந்து வையுங்கள். வருகிறவர்களுக்கு மோடத்திலேயே 'கெஸ்ட்' இணைப்பு தனியாகக் கொடுக்கலாம். கணக்குக் கம்ப்யூட்டரில் டோரண்ட் கூடவே கூடாது. படத்தோடு எது வரும் என்று யாருக்குத் தெரியும்? காசு கொடுக்காமல் போட்ட டாலியும் அப்படித்தான். (இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.) விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனிக்கவும்.

பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க்கைச் செருகியபடியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆகவே இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி எடுத்து, கழற்றி இரும்புப் பெட்டியில் வையுங்கள். மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, பேரேடு திறக்கிறதா என்று கணக்குப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.