உங்களுக்குத் தெரியுமா? மங்கிய மீட்டருக்கும் உயிர் உண்டு!

ஆவடியில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் பைக்கின் டிஜிட்டல் மீட்டர், சில ஆண்டுகளில் கறுத்தோ வெளுத்தோ போய்விடும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இதே நோய்தான். அமெரிக்காவின் செவர்லே கார்வெட் 1984 மாடலிலேயே எல்சிடி மீட்டருடன் வந்தது. அதன் திரை மங்க, பின்னால் எரியும் பல்புகளின் சூடும் ஒரு காரணம்.

பெரும்பாலும் கெடுவது கண்ணாடித் திரை அல்ல, அதன்மேல் ஒட்டிய போலரைசர் ஃபிலிம். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டுமே விடும் இந்த மெல்லிய தாள் இல்லாவிட்டால், எண்கள் அங்கேயே இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. சோதிப்பது சுலபம்: போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டு, தலையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். எண்கள் தெரிந்தால் திரை நலம்!

பழைய ஃபிலிமை உரித்து, பசையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் திருப்பிப் பார்ப்பது மிக முக்கியம். 90 டிகிரி மாறினால், கறுப்புப் பின்னணியில் எண்கள் வெளிச்சமாகத் தெரியும். அதையே விரும்பிக் கேட்கும் இளைஞர்களும் உண்டு.

எண்ணில் ஒரு கோடு மட்டும் காணவில்லையா? அது ஃபிலிம் கோளாறு அல்ல. திரையையும் சர்க்யூட்டையும் இணைக்கும் ரப்பர் பட்டையில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். ஓடிய கிலோமீட்டர் கணக்கு தனி மெமரி சிப்பில் இருப்பதால், ஃபிலிம் மாற்றினாலும் அது அழியாது.