விரலே கண்!

நாமகிரிப்பேட்டை என்றதும் மஞ்சள்தான் நினைவுக்கு வரும். மஞ்சள் மண்டிப் பக்கம் வந்துவிட்டோம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். மூக்கு காட்டிக் கொடுத்துவிடும்!

பார்வை இல்லாத குழந்தைக்கும் தட்டில் இருப்பதை முதலில் சொல்வது மூக்கு. பிறகு விரல்.

மற்றக் குழந்தைகள் அம்மாவின் கை வருவதைப் பார்த்து வாயைத் திறக்கும். இந்தக் குழந்தைக்குக் கை வருவது தெரியாது. திடீரென்று ஒரு கவளம் உதட்டில் பட்டால் முகத்தைத் திருப்பும், துப்பும். "பிடிவாதம்" என்பாள் பாட்டி. பிடிவாதம் அல்ல, பயம்!

ஆகவே முதலில் பேசுங்கள். "கண்ணு, களி கொண்டாந்திருக்கேன். கீரை கடைஞ்சு ஊத்தியிருக்கேன். ஆறிப்போச்சு, தொட்டுப் பாரு" என்று சொல்லுங்கள். குழந்தை தொடட்டும், முகரட்டும். பிறகு ஊட்டலாம்.

பூட்டிய அறையில்...

அமெரிக்காவில் பிறந்த ஹெலன் கெல்லர், 19 மாதக் குழந்தையாக இருந்தபோது நோயினால் பார்வையை இழந்தார். காதும் கேட்காமல் போயிற்று. ஆறு வயதில், வீட்டில் எல்லோருடைய தட்டிலும் கைவிட்டு அள்ளித் தின்பார். பாவம் என்று பெற்றோர் விட்டுவிட்டார்கள்.

1887-ல் ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை வந்தார். மற்றவர்கள் வெளியே போனதும் கதவைப் பூட்டினார். ஹெலன் கிள்ளினார், உதைத்தார், கரண்டியை வீசி எறிந்தார். ஆசிரியை விடவில்லை. கடைசியில் ஹெலன் தன் தட்டில், கரண்டியால் சாப்பிட்டார்! அந்த ஹெலன்தான் பின்னாளில் பல நூல்கள் எழுதி, 1955-ல் இந்தியாவுக்கும் வந்தார்.

நீங்களும் கதவைப் பூட்ட வேண்டாம். உங்கள் குழந்தைக்குக் காது கேட்குமே! ஆனால் பாவம் பார்த்து ஆறு வயதிலும் ஊட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

பின்னால் உட்காருங்கள்

நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். அது பெரிய வசதி. குழந்தைக்கு எதிரே உட்காராமல் பின்னால் உட்காருங்கள். உங்கள் கைமேல் அதன் கையை வைத்துக்கொண்டு பிசையுங்கள், எடுங்கள், வாய்க்குக் கொண்டு போங்கள். சில நாளில் உங்கள் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்ளலாம். சிந்தும். சிந்தட்டும்! கீழே ஒரு பழைய துணியை விரித்தால் போயிற்று.

விளிம்பு உயர்ந்த தட்டு நல்லது. சோறு கிட்டத்தில், பொரியல் எட்டத்தில் என்று தினமும் ஒரே இடத்தில் வையுங்கள். கடிகாரம் தெரிந்த பிள்ளையானால், "12 மணியிலே பொரியல், 6 மணியிலே சோறு" என்று சொல்லலாம்.

மீன் முள்ளை நீங்களே எடுத்துவிடுங்கள். தண்ணீர் டம்ளரில் பாதிதான் இருக்க வேண்டும். மேலிருந்து தேடினால் டம்ளர் கவிழும். தரையோடு கையை நகர்த்தித் தேடப் பழக்குங்கள்.