மூத்தோரும் மருந்தும்



திருவள்ளுவர் 'மருந்து' எனும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகக் காட்டுகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அதனைக் கொடுப்பவர். முதல் மூன்றையும் நாம் நன்கறிவோம். நான்காமவரை மறந்து விடுகிறோம். மூத்தோருக்கு மருந்தினால் நேரும் தீங்குகளில் பல, அந்த நான்காமவர் இல்லாத குறையினால் வருபவை.

எழுபது வயது உடல் நாற்பது வயது உடலன்று. சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. உடலில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால், டயஸிபாம் போன்ற மாத்திரைகள் நெடுநேரம் தங்கி, மறுநாளும் தள்ளாட்டத்தைத் தருகின்றன. சளிக்கும் அரிப்புக்கும் சாதாரணமாக விழுங்கும் குளோர்பெனிரமின் மாத்திரை, முதியோருக்கு மனக்குழப்பத்தையும் சிறுநீர்த் தடையையும் உண்டாக்கலாம். முதியோர் தவிர்ப்பது நல்லது எனக் கருதப்படும் மருந்துகளின் பட்டியலை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸும் அவர்தம் குழுவினரும் 1991-இல் வெளியிட்டனர். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023-இல் புதுப்பித்த பட்டியலில் மேற்கூறிய இரண்டும் உள்ளன.

அரிய மருந்துகள்தாம் ஆபத்தானவை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரையிலான விவரங்களைக் கொண்டு 2011-இல் வெளிவந்த ஆய்வொன்று, 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் மருந்துத் தீங்கினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 லட்சம் முறை அவசரமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் என மதிப்பிட்டது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணமானவை நான்கே வகை: வார்பரின், இன்சுலின், ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகள், நீரிழிவு மாத்திரைகள். இவை யாவும் உயிர் காக்கும் மருந்துகளே. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

இன்னொரு தொல்லை, மருந்து மருந்தை அழைத்து வருவது. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் உட்கொள்வோரில் சிலருக்குக் கால் வீங்கும். அதனைப் புதிய நோயென்று கருதி நீர் மாத்திரை கொடுத்தால் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும். இரவில் இருட்டில் எழுந்து நடக்கும் முதியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு மறுமருந்து தரும் இத்தொடரைப் பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ் எனும் ஆய்வாளர்கள் 1997-இல் விளக்கி எழுதினர்.

மலேசியாவில் நம்மவர் பலர் அரசாங்க கிளினிக்குக்கும் போவர், தனியார் கிளினிக்குக்கும் போவர். அங்கே கொடுக்கும் அம்லோடிபினும் இங்கே கொடுக்கும் 'நோர்வாஸ்க்' மாத்திரையும் ஒரே மருந்து. பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் விழுங்கிவிடும் அபாயம் உண்டு. நாம் சொல்லாவிட்டால் ஒரு மருத்துவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பயிற்சி பெற்றவர் மருந்தாளுநர். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில், 80 வயதும் அதற்கு மேலும் ஆன 400 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. வார்டிலேயே மருந்தாளுநர் மருத்துவர்களுடன் சேர்ந்து மருந்துகளைச் சரிபார்த்த பிரிவினரில், அடுத்த ஓராண்டில் அவசரப் பிரிவுக்கு வருவது 47 விழுக்காடு குறைந்தது. ஆயினும் 2005-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு வேறு விதமாக இருந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய 80 வயது கடந்த 872 பேரில், மருந்தாளுநர் வீடு தேடிச் சென்று பார்த்த பிரிவினரே அதிகமாக மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தனர். மருந்தாளுநரும் மருத்துவரும் கலந்து செயல்படும்போதுதான் பலன் மிகுதி என்றே கருதத் தோன்றுகிறது.

விரதமிருக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். இன்சுலினையோ, கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரைகளையோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால், இரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம். கந்த சஷ்டிக்கும் தைப்பூசத்திற்கும் விரதம் தொடங்குமுன்பே மருத்துவரிடம் கூறி, அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொள்ளுங்கள்.

நாம் செய்யத்தக்கவை:

1. மாத்திரை, கண் சொட்டு மருந்து, விட்டமின், நாட்டு மருந்து என வீட்டிலுள்ள அனைத்தையும் ஒரே பையில் போட்டு, ஆண்டுக்கு ஒரு முறையேனும் மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.

2. மருந்தின் பெயர், எதற்காக, எப்போது என்று பட்டியல் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அதைக் காட்டுங்கள்.

3. புதிதாகத் தள்ளாட்டம், மறதி, கால் வீக்கம் வந்தால் 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாமல், 'இது மருந்தினால் வந்ததா?' என்று கேளுங்கள்.

4. பாசார் மாலாமில் விற்கும் மூட்டுவலி மருந்துகளில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் உள்ளதா எனப் பாருங்கள். பதிவில்லாத சிலவற்றில் டெக்சமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டறிந்துள்ளது.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். தாய் தந்தையரைக் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். மருந்து கொடுக்கும் முகப்பு வரை உடன் சென்று, அங்கே சொல்வதைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். வள்ளுவர் கூறிய நான்காமவர் நீங்களாகவும் இருக்கலாம்.

மூத்தோர் அனைவரும் நலமுடன் நெடிது வாழ எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திப்போம்.